கருத்தாய்வுகளில் பங்கேற்றால் உழைப்புக்குத் தகுந்த காசு வருகிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

#1 மழைக்காகம்

வணக்கம். கேள்விகளுக்குப் பதில் சொன்னால் காசாக மாற்றிக்கொள்ளும் புள்ளிகள் தரும் ஆய்வுப் பேனல்கள் மூன்றில் இரண்டு மாதங்களாகப் பெயர் பதிந்து வைத்திருக்கிறேன். பகலில் வேலை. பிள்ளைகள் தூங்கிய பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் ஏதாவது சம்பாதிக்கலாமே என்ற ஆசைதான்.

நேற்று இரவு சலவைத்தூள் பற்றி ஒரு கணக்கெடுப்பு வந்தது. "15 நிமிடம்" என்று போட்டிருந்தார்கள். வயது என்ன, வீட்டில் எத்தனை பேர், யார் துவைப்பது, வாரத்துக்கு எத்தனை முறை, எந்தெந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள், கடைசியாக எதை வாங்கினீர்கள், ஏன் அதை வாங்கினீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். நானும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் திரை மாறியது. "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இந்த ஆய்வுக்கு நீங்கள் பொருந்தவில்லை." புள்ளிகள்: 0.

என் வீட்டு அழுக்குத்துணிக் கணக்கு முழுவதையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் நான் பொருந்தவில்லை என்று தெரிந்ததா? எல்லாருக்கும் இப்படித்தானா, இல்லை நான்தான் ஏமாளியா? இதில் உண்மையாகவே சம்பாதிக்கிறவர் யாராவது இருக்கிறீர்களா?

#2 வாசல்மணி

நீங்கள் ஏமாளி இல்லை, புதியவர். முதல் மூன்று மாதங்களுக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

#3 கணக்குநோட்டு

நான்கு வருடமாக இதில் இருக்கிறேன். என் பெயருக்கு ஏற்றபடி கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். சென்ற மாதப் பக்கத்தை அப்படியே எடுத்துத் தருகிறேன். வந்த அழைப்புகள் 61. திறந்து பார்த்தது 47. கடைசிவரை போனது 19. மீதி 28-லும் பாதியில் வெளியே அனுப்பப்பட்டேன். செலவிட்ட மொத்த நேரம் 9 மணி 20 நிமிடம். அதில் காசு கிடைத்தது 5 மணி 40 நிமிடத்துக்குத்தான்.

புதியவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். சன்மானத்தை, அவர்கள் அறிவித்த நிமிடத்தால் வகுத்துப் பார்த்து "பரவாயில்லையே" என்று மகிழ்கிறார்கள். வெளியேற்றப்பட்ட நேரத்தையும், மின்னஞ்சலைத் திறந்து பார்த்த நேரத்தையும் கூட்டி வகுக்க வேண்டும். அப்படி வகுத்தால் வெறும் இணையக் கணக்கெடுப்பில் வரும் காசு, கூலி என்று சொல்லவே கூசும் அளவில் நிற்கும். காத்திருக்கும் நேரத்தில், வரிசையில் நிற்கும்போது செய்வதற்கு அது சரி. அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு ஏன் நான்கு வருடமாக இருக்கிறேன் என்று கேட்பீர்கள். கணக்கெடுப்பு வாசல்படி மாதிரி. வீடு உள்ளே இருக்கிறது. பொருளை வீட்டுக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்வது, செயலியை அவர்கள் கண்முன் இயக்கிப் பார்க்கச் சொல்வது, ஒரு மணி நேரம் தனியாகப் பேசுவது, எட்டுப் பேரோடு உட்கார வைத்துப் பேசுவது என்று பெரிய ஆய்வுகள் வருடத்துக்கு எனக்கு நான்கைந்துதான் வருகின்றன. ஆனால் அவற்றில் ஒன்றில் கிடைப்பது, கணக்கெடுப்பில் ஒரு மாதம் மெனக்கெட்டுச் சேர்ப்பதைவிட அதிகம். அவற்றுக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் இந்தப் பேனல் பட்டியலிலிருந்துதான்.

#4 பட்டியல்காரர்

மழைக்காகம் அம்மா, நான் மேசையின் அந்தப் பக்கம் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவன். ஆய்வுகளுக்கு ஆள் பிடித்துத் தருவதுதான் என் தொழில். இப்போது அதை விட்டுவிட்டேன். அதனால் கொஞ்சம் மனம்விட்டே எழுதலாம்.

உங்களை வெளியே அனுப்பியதற்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். முதலாவது கோட்டா. இந்த வயதில் இத்தனை பேர், இன்ன பொருளை வாங்குகிறவர் இத்தனை பேர் என்று முன்கூட்டியே கட்டம் போட்டிருப்பார்கள். நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் உங்கள் கட்டம் நிரம்பியிருக்கலாம். இரண்டாவது, அவர்கள் தேடியது ஒரு குறிப்பிட்ட தூளை விட்டுச் சமீபத்தில் வேறொன்றுக்கு மாறியவரை. அது தெரிய வேண்டுமானால் வாங்கிய கதை முழுவதையும் கேட்டாக வேண்டும். மூன்றாவது காரணம் அசிங்கமானது. கேள்வித்தாளைச் சோம்பேறித்தனமாக எழுதியிருப்பார்கள். வடிகட்டும் கேள்விகளை முதல் மூன்று நிமிடத்துக்குள் முடிப்பதுதான் நாகரிகம். பன்னிரண்டாம் நிமிடத்தில் வெளியே தள்ளிவிட்டு ஒரு புள்ளிகூடத் தராதது அநியாயம்தான். உருப்படியான பேனல்கள் இதற்கு ஆறுதல் புள்ளியாவது தருவார்கள். ஒரே பேனலில் இது திரும்பத் திரும்ப நடந்தால் அதை விட்டுவிடுங்கள்.

கோட்டா எதற்கு, வருகிறவர் எல்லாரையும் எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு எங்கள் துறையில் ஒரு பழைய கதை சொல்வோம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். பெயர்ப் பட்டியலைத் தொலைபேசிப் புத்தகம், கார் பதிவேடு போன்றவற்றிலிருந்து எடுத்திருந்தார்கள். அந்தப் பொருளாதார மந்த காலத்தில் தொலைபேசியும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு ஜார்ஜ் காலப் என்ற கருத்துக்கணிப்பாளர் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். எத்தனை பேர் என்பதைவிட யார் என்பது முக்கியம் என்று அன்றைக்குப் புரிந்தது. அந்தப் பாடத்துக்குத்தான் நீங்கள் இன்றைக்குப் பன்னிரண்டு நிமிடம் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள்.

#5 மழைக்காகம்

கணக்குநோட்டு அண்ணா, பட்டியல்காரர் ஐயா, இருவருக்கும் நன்றி. இப்போது கோபம் பாதி குறைந்தது.

வெட்கத்தை விட்டு ஒன்றைக் கேட்கிறேன். ஒரு காணொளியில் ஒருவர், "வடிகட்டும் கேள்வியில் எல்லாவற்றுக்கும் ஆம் போடுங்கள், உள்ளே போய்விடலாம்" என்று சொன்னார். சென்ற வாரம் ஒன்றில் என்னிடம் நாய் இருக்கிறது என்று போட்டுவிட்டேன். உள்ளே போனேன், காசும் வந்தது. நாய்தான் இல்லை. இது பெரிய தப்பா?

#6 வாசல்மணி

தப்பே இல்லை. அந்த நிறுவனம் உங்கள் பதிலை எத்தனை மடங்குக்கு விற்கிறது என்று யோசியுங்கள். நமக்கு எறிவது சில்லறை. சில்லறைக்கு ஏற்ற உண்மை போதும். நான் இதுவரை இரண்டு கார், ஒரு நாய், மூன்று கைக்குழந்தைகள் வைத்திருக்கிறேன். எல்லாம் திரையில்தான்.

#7 பட்டியல்காரர்

வாசல்மணி தம்பி, உங்களைப் போன்றவர்களைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள்.

பிராண்டுப் பட்டியலின் நடுவில், உலகத்திலேயே இல்லாத பெயர் ஒன்றை நுழைத்திருப்போம். அதையும் "வாங்கியிருக்கிறேன்" என்று போடுகிறவர் அத்தோடு சரி. தொடக்கத்தில் வயதைக் கேட்போம், கடைசியில் பிறந்த வருடத்தைக் கேட்போம். "இந்த வரியில் மூன்றாவது கட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்" என்று ஒரு வரி இருக்கும். படிக்காமல் டிக் அடித்துக்கொண்டே போகிறவர் அங்கே விழுவார். இருபது வரிகளுக்கும் ஒரே நேர்கோட்டில் "ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்" என்று இறங்கியவரையும், மற்றவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் கால்வாசியில் முடித்தவரையும் கணினியே ஒதுக்கிவிடும். உடனே வெளியே அனுப்ப மாட்டோம். உங்கள் கணக்கில் ஒரு குறி விழும். காசை எடுக்கப் போகும் நாளில் கணக்கு மூடியிருக்கும். "பேனல் மோசம் செய்துவிட்டது" என்று நீங்கள் எழுதுவீர்கள்.

குழு விவாதத்தில் இன்னும் வேடிக்கை. ஒருமுறை சலவை இயந்திரம் வைத்திருப்பவர்கள் எட்டுப் பேரைக் கூட்டியிருந்தோம். ஒருவர் எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பேசினார். இயந்திரம் பெரிய உதவி, மனைவிக்கு ஓய்வு, என்னென்னவோ. நெறியாளர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "உங்களுடையது மேலே மூடியா, முன்னால் கதவா?" மனிதர் ஒரு நொடி உறைந்துபோனார். "பக்கவாட்டில்" என்றார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. இடைவேளையில் அவரைத் தனியே அழைத்து அனுப்பிவைத்தது நான்தான். அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். அடுத்த பெரிய ஆய்வு, அடுத்த ஐந்து ஆய்வு எதுவும் அவருக்கு இல்லை. ஒரு மாலைக்கு ஆசைப்பட்டு நடந்தது அது.

மழைக்காகம் அம்மா, நாயை இன்றைக்கே சுயவிவரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நாய் உணவை வீட்டுக்கு அனுப்பினால் யாருக்கு வைப்பீர்கள்?

#8 மழைக்காகம்

எடுத்துவிட்டேன். நன்றி ஐயா.

#9 தேன்சிட்டு

குழு விவாதத்துக்குப் போய் வந்தவள் என்ற முறையில் கொஞ்சம் எழுதுகிறேன். பலருக்கு உள்ளே என்ன நடக்கும் என்று தெரிவதில்லை. தெரியாததாலேயே அழைப்பு வந்தாலும் தயங்கி விட்டுவிடுகிறார்கள்.

முதலில் தொலைபேசியில் பத்து நிமிடம் கேள்விகள். "நீங்களோ வீட்டில் யாராவதோ விளம்பரம், பத்திரிகை, சந்தை ஆய்வு, அல்லது இந்தப் பொருளைத் தயாரிக்கும் துறையில் வேலை செய்கிறீர்களா?" என்பது கட்டாயம் வரும். "கடந்த ஆறு மாதத்தில் இதுபோன்ற விவாதத்தில் கலந்துகொண்டீர்களா?" என்பதும் வரும். தேர்ச்சி பெற்ற தொழில்முறைப் பங்கேற்பாளர் அவர்களுக்கு வேண்டாம். அதனால்தான் இதை யாரும் முழுநேர வேலையாக்கிக்கொள்ள முடியாது. அந்த விதியே கதவைச் சாத்திவிடும்.

அறையில் நீள்வட்ட மேசை, எட்டு நாற்காலி, பெயர் எழுதி மடித்து வைத்த அட்டைகள். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. நான் உள்ளே போனதும் அதில் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். பிறகுதான் நெறியாளர், "அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் சகாக்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், பதிவும் ஆகிறது, உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார். நான் அதற்கப்புறம் பத்து நிமிடம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பேச்சு சூடு பிடித்ததும் மறந்தேபோனது. ஒரு கட்டத்தில் எல்லாரும் அமைதியாக இருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தது மெலிதாகக் கேட்டது. எங்களில் யாரோ சொன்ன எதற்கோ சிரித்திருக்கிறார்கள். நெறியாளரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

தெரிந்துகொண்டது ஒன்று: நெறியாளருக்கு உங்கள் தீர்ப்பு பெரிதாகத் தேவையில்லை. "நன்றாக இருக்கிறது" என்றால் அவர் எழுதிக்கொள்வதே இல்லை. "மூடியைத் திறக்கும்போது நகம் மாட்டுகிறது, அதனால் கரண்டிக் காம்பால் நெம்புகிறேன்" என்று சொன்னபோது அவர் பேனா ஓடியது. வீட்டில் நடப்பதை நடந்தபடி சொன்னால் போதும். பேச்சுத்திறமை வேண்டியதில்லை.

இரண்டு மணி நேரம். வெளியே வரும்போது உறையில் பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

#10 புள்ளியியல் வாத்தியார்

தேன்சிட்டு சொன்ன அறைக்கு ஒரு பூர்விகம் உண்டு. வகுப்பு எடுத்த பழக்கம் விடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். 1941-இல் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற ஆய்வாளர் ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளரை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்திருந்தார். சாப்பாட்டுக்குப் பதிலாக அவரை வானொலி ஆய்வு நடக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே கேட்பவர்கள் கையில் இரண்டு பொத்தான்கள். பிடிக்காதபோது சிவப்பு, பிடித்தபோது பச்சை. நிகழ்ச்சி முடிந்ததும், ஏன் அழுத்தினீர்கள் என்று ஒருவர் குழுவாக உட்கார வைத்துக் கேட்டார். கேட்கிற விதம் சரியில்லை என்று மெர்ட்டன் குறிப்பு எழுதி நீட்டிக்கொண்டே இருந்தாராம். அந்தக் குறிப்புகளிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய குழு விவாதம். பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் "ஏன்" என்ற கேள்விக்குத்தான் தேன்சிட்டுக்கு உறை கிடைத்தது. பொத்தானை அழுத்துவதற்கு மட்டும் கிடைப்பது கணக்குநோட்டு சொன்ன சில்லறை.

#11 வாசல்மணி

வாத்தியாரே, நான் காசு கேட்டேன், வரலாறு கேட்கவில்லை. ஆனால் விருந்துக்குப் போனவருக்குச் சாப்பாடு கிடைத்ததா என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

#12 இரண்டாம் ஷிப்ட்

வீட்டுச் சோதனை பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான். ஷிப்ட் வேலை செய்கிறவனால் மாலை ஆறு மணிக்கு எந்த மேசைக்கும் போய் உட்கார முடியாது.

சென்ற ஆண்டு ஷாம்பு வந்தது. பழுப்பு அட்டைப் பெட்டி, உள்ளே வெள்ளை பாட்டில் இரண்டு. பெயர் இல்லை, படம் இல்லை. ஒன்றில் 582, மற்றொன்றில் 139. முதலில் 582-ஐ இரண்டு வாரம், பிறகு 139-ஐ இரண்டு வாரம். இன்னொரு வீட்டில் இதே இரண்டும் தலைகீழ் வரிசையில் போயிருக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். முதலில் பயன்படுத்தியது என்பதற்காகவே ஒன்று நல்ல பெயர் வாங்கிவிடக் கூடாது அல்லவா. எண்ணும் அதற்குத்தான். "ஒன்று, இரண்டு" என்றோ "அ, ஆ" என்றோ போட்டால் முதலாவதுதான் உயர்ந்தது என்று மனம் தானாகவே நினைத்துவிடும். 582 எந்த வகுப்பிலும் முதல் மாணவன் இல்லை.

தினமும் இரவு ஐந்து வரி நாட்குறிப்பு. நுரை, மணம், மறுநாள் காலை முடி எப்படி இருந்தது. 139-ஐத் தொட்ட மூன்றாம் நாள் காதோரம் அரிப்பு எடுத்தது. நிறுத்தினால் காசு போய்விடுமோ என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். என் முட்டாள்தனம் அது. பிறகு அழைத்துச் சொன்னேன். "உடனே நிறுத்துங்கள், மிச்சத்தை அப்படியே வைத்திருங்கள்" என்றார்கள். முழுச் சன்மானமும் வந்தது. அவர்களுக்கு அரிப்பும் ஒரு பதில்தான். பெட்டியில் உள்ள அவசர எண்ணை முதல் நாளே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பொருளில் என்ன கலந்திருக்கிறது என்று தாள் இல்லாமல் வந்தால் தொடாதீர்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த வகைக்கே போக வேண்டாம்.

#13 கணக்குநோட்டு

செயலிச் சோதனையையும் சேர்த்துவிடுகிறேன். திரையைப் பகிர்ந்துகொண்டு, நினைப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு இணையதளத்தில் எதையாவது வாங்க முயல வேண்டும். "இந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது? இதோ. இல்லை, இது இல்லை" என்று நமக்கு நாமே பேசிக்கொள்வது முதல் தடவை கூச்சமாக இருக்கும். பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி. ஜேகப் நீல்சன் என்ற வல்லுநர் 2000-இல், ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே குறைகளில் பெரும்பகுதி தெரிந்துவிடும் என்று எழுதினார். பலரும் அதைப் பின்பற்றுகிறார்கள். ஆயிரம் பேருக்குப் பிரிக்க வேண்டிய காசு ஐந்து பேருக்குப் பிரிகிறது. நமக்கு நல்லது. ஆனால் அந்த ஐவரில் ஒருவராக வாய்ப்பது அபூர்வம். கணினியில் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை. தடுமாறுகிறவர்தான் அவர்களுக்கு வேண்டும்.

#14 புதுத்தளிர்

எல்லாருக்கும் வணக்கம். இழையை முழுவதும் படித்தேன். எனக்கு நேற்று ஒரு கடிதம் வந்தது. மறைமுக வாடிக்கையாளராக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். காசோலை ஒன்றும் கூடவே இருக்கிறது, நல்ல தொகை. அதை வங்கியில் போட்டு, என் பங்கை எடுத்துக்கொண்டு, மீதிக்குக் கடையில் கிஃப்ட் கார்டு வாங்கி, பின்னால் உள்ள எண்களைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். காசாளர் எப்படி நடந்துகொண்டார் என்று அறிக்கையும் எழுத வேண்டும். நான் எங்கேயும் விண்ணப்பிக்கவே இல்லை. அதிர்ஷ்டம்தான் போலிருக்கிறது. இன்று மாலை வங்கிக்குப் போகிறேன்.

#15 வாசல்மணி

போகாதீர்கள்.

#16 பட்டியல்காரர்

தயவுசெய்து போகாதீர்கள். வாசல்மணியும் நானும் ஒத்துப்போகும் ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் காசோலை போலி. வங்கியில் போட்டதும் ஓரிரு நாளில் தொகை உங்கள் கணக்கில் இருப்பதாகக் காட்டும். அது வங்கி முன்கூட்டியே கொடுத்தது, காசோலை தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. நீங்கள் கார்டு வாங்கி எண்களை அனுப்பிய நிமிடமே அந்தப் பணம் போய்விடும். வாரக்கணக்கில் கழித்துக் காசோலை திரும்பி வரும். முழுத் தொகையையும் வங்கி உங்களிடம்தான் கேட்கும். "மறைமுக வாடிக்கையாளர்" என்ற பெயரை அவர்கள் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், வங்கியிலோ கடையிலோ யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிவைக்கலாம் என்பதுதான்.

மறைமுக வாடிக்கையாளர் வேலை என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறது, 1940-களிலிருந்தே இருக்கிறது. நீங்கள் விண்ணப்பிப்பீர்கள், கடைக்குப் போய்ச் சொந்தக் காசில் சிறிய பொருள் ஒன்றை வாங்குவீர்கள், எத்தனை நிமிடத்தில் கவனித்தார்கள், ரசீது கொடுத்தார்களா என்று எழுதுவீர்கள், பிறகு செலவும் கூலியும் வரும். பணம் எப்போதும் அவர்களிடமிருந்து உங்களுக்குத்தான் வர வேண்டும். உங்கள் கையிலிருந்து எங்கேயாவது போகச் சொன்னால், பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், "திரும்பத் தரும்" முன்பணம், என்ன பெயர் வைத்தாலும் அது ஆய்வு இல்லை.

#17 புதுத்தளிர்

கை நடுங்குகிறது. காசோலையை வங்கி மேலாளரிடம் காட்டிப் புகார் கொடுக்கப் போகிறேன். நன்றி ஐயா, நன்றி வாசல்மணி.

#18 தேன்சிட்டு

நல்ல வேளை கேட்டீர்கள் தங்கையே.

தகவல் பாதுகாப்பு பற்றியும் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஆய்வுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பு எதற்கும் கடவுச்சொல்லோ, அட்டை எண்ணோ தேவைப்படாது. பெரிய ஆய்வில் பணம் தரும்போது அடையாள அட்டையைப் பார்க்கலாம். நகல் கேட்டால் எதற்கு, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று கேளுங்கள். பதிவு செய்தால் யார் பார்ப்பார்கள் என்றும் கேட்கலாம். நான் கேட்டிருக்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆய்வு என்று ஆரம்பித்துக் கடைசியில் பொருளை விற்கப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள். எஸோமார் என்ற சர்வதேசத் துறை அமைப்பின் நடத்தை விதிகளே அதை அனுமதிப்பதில்லை.

கைபேசியில் ஒரு செயலியை நிறுவிவிட்டால் சும்மா இருந்தாலே மாதாமாதம் புள்ளி வரும் என்கிறார்களே, அது உங்கள் கைபேசி நடவடிக்கையைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும். நேர்மையாகச் சொல்லிவிட்டுத்தான் பார்க்கிறார்கள். இருந்தாலும் என் கைபேசியில் என் அம்மாவின் மருந்துச்சீட்டுவரை இருக்கிறது. நான் நிறுவவில்லை.

#19 கணக்குநோட்டு

புள்ளி என்றதும் நினைவுக்கு வருகிறது. புள்ளியைச் சேமித்து வைக்காதீர்கள், அதற்கு வட்டி கிடையாது. எடுக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு வந்த அன்றே எடுத்துவிடுங்கள். பல பேனல்களில் சில மாதம் நுழையாமல் இருந்தால் புள்ளி காலாவதியாகும். நான் ஒரு பேனலில் எட்டு மாதம் சேர்த்து வைத்திருந்தேன். பெரிய தொகையாக ஒரே தடவையில் எடுத்து வீட்டில் காட்ட வேண்டும் என்று ஒரு அற்ப ஆசை. ஒரு காலையில் "சேவை நிறுத்தப்பட்டது" என்று மட்டும் இருந்தது. நோட்டில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். பேரைச் சொல்ல மாட்டேன்.

கிஃப்ட் வவுச்சராக வந்தாலும் பல இடங்களில் அது வருமானம்தான். வரிக்கணக்கில் காட்ட வேண்டுமா என்று உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

#20 புள்ளியியல் வாத்தியார்

ஒரே ஒரு வரலாறு, வாசல்மணி பொறுத்தருள்க. 1985-இல் கோகோ கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையை மாற்றியது. அதற்கு முன் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்தியிருந்தார்கள். புதியதே பிடிக்கிறது என்று முடிவு வந்தது. ஏப்ரல் 23 அன்று அறிவித்தார்கள். மக்கள் கொந்தளித்துவிட்டார்கள். 79 நாளில் பழையது திரும்பி வந்தது. அந்த இரண்டு லட்சம் பேர் பொய் சொல்லவில்லை. சோதனை சுவையை அளந்தது, பழைய பானத்தின் மேல் இருந்த பற்றை அளக்கவில்லை. கேட்காத கேள்விக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ஆகவே கடைசியில் "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று ஒரு காலிக் கட்டம் வருமே, அதை "இல்லை" என்று தாண்டிவிடாதீர்கள்.

#21 பட்டியல்காரர்

வாத்தியார் சொன்னதைத் தொழில் ரகசியமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆய்வுக்கு ஆள் தேடும்போது நான் முதலில் படித்தது அந்தக் காலிக் கட்டத்தைத்தான். இரண்டு வரி உருப்படியாக எழுதியவரை அழைப்பேன். சுயவிவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதும் அப்படியே. வேலை மாறியது, வீடு மாறியது, கண்ணாடி போட ஆரம்பித்தது, எதுவாக இருந்தாலும். நாங்கள் தேடுவது பெரும்பாலும் சமீபத்தில் எதையோ மாற்றியவரை.

#22 மழைக்காகம்

ஏழு வாரம் கழித்து வருகிறேன். கணக்குநோட்டு அண்ணாவைப் பார்த்து நானும் நோட்டுப் போட்டேன். பன்னிரண்டாம் நிமிடத்தில் துரத்திய பேனலை விட்டுவிட்டேன். மற்ற இரண்டில் மொத்தம் 11 மணி நேரம், அதில் காசு வந்தது 6 மணி 15 நிமிடத்துக்கு. எழுதிப் பார்த்தபோது மனம் சுருங்கிவிட்டது. இரவு நேரக் கணக்கெடுப்பை நிறுத்திவிட்டேன், மதிய இடைவேளையில் மட்டும் பார்க்கிறேன்.

ஆனால் காலிக் கட்டத்தில் எழுத ஆரம்பித்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீர் கடினம், தூள் கரையாமல் சட்டைக் காலரில் வெள்ளையாக ஒட்டுகிறது என்று ஒன்றில் எழுதியிருந்தேன். நான்கு நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. இப்போது வீட்டுச் சோதனையில் மூன்றாவது வாரம். இதற்குக் கிடைக்கப்போவது, அந்த 11 மணி நேரத்தில் வந்ததைவிட அதிகம்.

#23 வாசல்மணி

வாழ்த்துகள். என் கணக்கு ஒன்று போன வாரம் மூடப்பட்டது. எதற்கென்று கேட்க வேண்டாம். மூன்று குழந்தைகளுக்கும் ஒரே பிறந்தநாள் போட்டிருக்கிறேன் போலிருக்கிறது. அது இருக்கட்டும், உங்களுக்கு என்ன சோதனை? சலவைத்தூளா?

#24 மழைக்காகம்

ஆம், அதே சலவைத்தூள்தான். எண் 417. காலரில் இன்னமும் ஒட்டுகிறது என்று நேற்று எழுதிவிட்டேன். படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போது எடுப்பதா, காய்ந்த பிறகா?

#25 இரண்டாம் ஷிப்ட்

இரண்டும் எடுங்கள் அக்கா. பக்கத்தில் எண் தெரிகிற மாதிரி பெட்டியை வையுங்கள்.